ஒன்பது மாடிச் செடிகள்

"உள்ளே யாரும் இல்லை பெரியவரே. எத்தனை தடவை சொல்றது?" என்றார் காவலாளி.

"யாரும் இல்லைன்னு நீ சொல்ற. நானூறு பேர் இருக்காங்கன்னு நான் சொல்றேன். ஏழு நாளாத் தண்ணி இல்லாம நிக்கறாங்க. வந்து கண்ணாடி வழியாப் பாரு."

காவலாளி வந்து பார்க்கவில்லை. எழுந்தால் நாற்காலி போய்விடும் என்று நினைக்கிற ஆள். வேறு ஊரிலிருந்து வேறு கம்பெனி கொண்டுவந்து உட்காரவைத்தவர், வந்தே ஏழு நாள்தான் ஆகிறது. முப்பது வருஷமாகக் காலை ஆறே முக்காலுக்குத் தள்ளுவண்டியோடு இந்த வாசலில் நுழைந்த செடிக்காரரை அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. ஆனால் தெரியாது என்பதையே ஒரு அதிகாரமாக மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதுதான் செடிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு கையையும் கண்ணோரம் குவித்து, நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார். வரவேற்பு மேசைக்கு இடது பக்கம் ஆறு பாம் செடி. ஓலை நுனியெல்லாம் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்தாயிற்று. வலது பக்கம் ரப்பர் செடிகள், அடி வாங்கப் போகிற பிள்ளைகள் மாதிரி இலையைத் தொங்கப்போட்டு நின்றன. ஏசி நின்று ஏழு நாள். நாலு பக்கமும் கண்ணாடி. உள்ளே அடுப்பாகக் கொதிக்கும். கீழ் மாடியே இப்படி என்றால், ஒன்பதாவது மாடியில், மேற்கு வெயில் நேரே அடிக்கிற சேர்மன் அறையில் என்ன நடந்துகொண்டிருக்கும்?

"ஆர்டர் கொண்டாங்க, திறந்துவிடறேன். உங்க செடி மேல எனக்கென்ன கோவமா?"

"யார்கிட்டய்யா ஆர்டர் வாங்கறது? இருந்தவன்லாம் போயிட்டான்."

"போன இடத்துல வாங்குங்க."

"போன இடம் ஒரு நாள் ரயில்."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

அதற்கு அவர் என்ன பண்ணுவார், பாவம். இந்த ஊரில் இப்போது யாரிடம் எதைக் கேட்டாலும் அந்தப் பதில்தான் வருகிறது.

அந்த ஒன்பது மாடியும் ஒரு பெரிய கம்பெனியின் தலைமை அலுவலகம். மூவாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு டீ போடுகிறவன், சட்டை தைக்கிறவன், முடி வெட்டுகிறவன், அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள் என்று இன்னும் பத்தாயிரம் பேர் அந்த நிழலில் நின்றார்கள். போன வருஷம் திடீரென்று வேறு நகரத்துக்குப் போகிறோம் என்றார்கள். ஏன் என்றதற்கு, அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். இங்கே நாற்பது வருஷம் எல்லாம் நன்றாக இருந்ததை யாரும் பேச்சில் எடுக்கவில்லை. பதினோரு மாதத்தில் மூட்டை கட்டி, ஒரு வெள்ளிக்கிழமை விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

செடிக்காரருடைய தொழில் அந்த மாடிகளில் பச்சை வைப்பது. தொட்டியும் அவருடையது, மண்ணும் அவருடையது, செடியும் அவருடையது. அலுவலகத்தில் கொண்டுபோய் வைப்பார், மாத வாடகை வாங்குவார். மொத்தம் நானூறு தொட்டி. அதில் இருநூறு உள்ளே நிற்கும், இருநூறு வீட்டுக்குப் பின்னால் பச்சை வலைக்கு அடியில் நிற்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உள்ளே நிற்பதற்கு டூட்டி என்றும் வெளியே நிற்பதற்கு லீவு என்றும் அவர் வீட்டில் பேர்.

"வெயில் காணாம ஏசியில நிக்கறது சாதாரணமா? பதினாறாம் நாள் மூஞ்சி வெளுத்துடும். உள்ளே உக்காந்திருக்கற ஆபீசருங்களைப் பாரு, தெரியும்" என்பார்.

மனைவியும் மகளும் பூவாளி எடுத்து மாடிக்கு மாடி போவார்கள். இலையைத் தூசி துடைக்க ஈரத்துணி, தொட்டிக்கடியில் வழிகிற தண்ணீரைத் துடைக்கக் காய்ந்த துணி, இரண்டும் இடுப்பில் தொங்கும். மகள் பதினான்கு வருஷம் அந்த வேலை செய்தாள். அங்கேதான் கட்டினவரையும் கண்டாள். ஸ்டோர் கிளார்க். நல்ல பையன்தான், அதைச் செடிக்காரரே சொல்வார். மேலே இருக்கிறவன் இருமினால் இவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும், அது ஒன்றுதான் குறை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், தரையில் நிற்கிற எல்லாவற்றுக்கும் நம்பர் ஒட்டச் சொல்லி மேலிடம் உத்தரவு போட்டது. நாற்காலி, மேசை, குப்பைத்தொட்டி, சுவர்க் கடிகாரம் எல்லாவற்றிலும் மருமகன் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்தார். செடித்தொட்டியிலும் ஒட்டினார்.

"மாமா, எட்டாம் மாடி, பன்னெண்டாம் ரூம், மூணாவது தொட்டி. நம்பர்லயே எல்லாம் வந்துடும். மாத்தி வைக்கறப்பக் குழப்பமே வராது."

"நல்ல வேலை பண்ணீங்க மாப்பிள்ளை. எனக்கும் முதுகுல ஒண்ணு ஒட்டிடுங்க, தொலைஞ்சு போனாக் கண்டுபிடிச்சுக்கலாம்" என்று செடிக்காரரே சிரித்தார்.

சிரித்ததோடு விட்டாரா? லீவில் இருந்த இருநூறு தொட்டிக்கும் கேட்டு வாங்கி ஒட்டினார். தண்ணீர் பட்டு ஸ்டிக்கர் உரிந்தால், செருப்புக்கு ஒட்டுகிற பசையை வைத்து அவரே திரும்ப அழுத்தினார். ஒன்றுகூட உரியாதபடி ஒட்டினார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். நம்பர் இருக்கிறதெல்லாம் கம்பெனி பொருள் என்று மருமகன் அந்த நம்பர்களை எழுதின லிஸ்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தது. அதை அவர் படிக்கவில்லை. காகிதம் என்றாலே அவருக்கு ஆகாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் அதிகாரி "கொண்டாந்து வையுங்க" என்று வாயால் சொன்னார், இவர் வைத்தார். கையெழுத்துப் போட்டால்தானே மாட்டுவோம் என்பது அவர் கட்சி. போடாமலும் மாட்டலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இன்னொரு தப்பும் செய்தார். இதைச் சொல்லத்தான் அவருக்கு இப்போது வாய் வருவதில்லை. கடைசி நாள் பிரிவு விழா. சேர்மன் வருகிறார், படம் எடுக்கிறார்கள், மாடியெல்லாம் நிறைந்து இருக்கட்டும் என்றார்கள். செடிக்காரர் முப்பது வருஷத்தில் முதல் தடவையாக லீவில் இருந்ததையும் கொண்டுபோய் டூட்டியில் போட்டார். நானூறும் உள்ளே. பின்கட்டில் தொட்டி நின்ற வட்டங்கள் மட்டும் தரையில் ஈரமாகத் தெரிந்தன.

"போறவங்களுக்கு எதுக்குப்பா இவ்வளவு?" என்றாள் மகள்.

"போறவன் கண்ணுல நாம மொட்டையா நிக்கக் கூடாது. திங்கக்கிழமை போய் எடுத்துக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை போனபோது வாசலில் புதுப் பூட்டு, புது நாற்காலி, புதுக் காவலாளி.

அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை. கடைக்காரருக்கு அரைச்சர்க்கரை என்று பேர்; யார் என்ன கேட்டாலும் அரைச் சர்க்கரைதான் போடுவார். காலையில் எட்டுப் பால் கேன் வந்த கடைக்கு இப்போது ஒரு கேன் வருகிறது, அதிலும் மதியத்துக்கு மேல் தயிர்தான் மிஞ்சுகிறது. பக்கத்தில் ஜெராக்ஸ் கடை ஷட்டர் இறங்கிவிட்டது. அதற்கடுத்த தையற்காரர் ஷட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். கம்பெனிச் சீருடைக்கென்று எடுத்த சாம்பல் துணி நாலு கட்டு அவர் தலைக்கு மேலே அடுக்கியிருந்தது. பதினேழாம் நம்பர் பஸ்ஸை இந்த முனைக்கு முன்னாலேயே திருப்பிவிடுகிறார்கள். எதிர் வரிசையில் ஒன்று விட்டு ஒரு வீட்டில் வாடகைக்கு என்ற அட்டை.

"நேத்துக் கூட்டத்துக்குப் போனீங்களா?" என்றார் அரைச்சர்க்கரை.

"போனேன். வயித்தெரிச்சல்."

"கவுன்சிலர் என்ன சொன்னாரு?"

"நகரம் சமாளிச்சுக்கும்னாரு."

"அப்படியா சொன்னாரு?"

"படம் போட்டுக் காமிச்சாரு. கோடு இப்படிக் கீழ எறங்குது, அப்புறம் ரெண்டு வருஷத்துல இப்படி மேல ஏறுது. நான் எழுந்து கேட்டேன், நகரம்னா யாருங்க, பேரு சொல்லுங்க, எப்படிச் சமாளிக்கறாருன்னு போய்ப் பாத்துக் கத்துக்கறேன்னு."

தையற்காரர் வாயைத் திறந்தார். "அதுக்கு என்ன சொன்னாரு?"

"உணர்ச்சிவசப்படாதீங்க பெரியவரேன்னாரு. கைதட்டினாங்க."

"உங்களுக்கா?"

"அவருக்கு."

அரைச்சர்க்கரை டீயை ஆற்றிக் கொடுத்தார். "புதுக் கம்பெனி ஒண்ணு வருதாமே, கட்டடத்தைப் பாக்க?"

"வரட்டும். நானூறு பொணத்தை மிதிச்சுக்கிட்டுத்தான் உள்ளே போகணும்."

"உங்க மாப்பிள்ளை அங்கதானே இருக்காரு? ஒரு வார்த்தை சொன்னா ஆகாதா?"

செடிக்காரர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

அந்த ஒரு வார்த்தைதான் வீட்டை இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. மருமகன் கம்பெனியின் புது ஊருக்கு முன்னால் போய் வேலையில் சேர்ந்து, வீடும் பார்த்துவிட்டார். மாதக் கடைசியில் மகள் போக வேண்டும். நடு அறையில் இரண்டு பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. அவள் ஒரு சேலையை மடித்து வைப்பாள், அப்புறம் எழுந்து பின்கட்டுக்குப் போய் வெறும் வட்டங்களைப் பார்த்துவிட்டு வருவாள்.

மதியம் மருமகன் போன் செய்தார். செடிக்காரரின் மனைவி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "ஸ்பீக்கர்ல போடு" என்றாள் மகளிடம்.

"சாப்டாச்சா?" என்றாள் மகள்.

"இப்பத்தான். கேன்டீன்ல ஒரு தட்டுக்கு இருபது நிமிஷம் வரிசை. இங்க யாருக்கும் யாரையும் தெரியாது, எல்லாரும் போனைப் பாத்துக்கிட்டே திங்கறாங்க."

"மாப்பிள்ளை, நான் பேசறேன்" என்று அவள் அம்மா குனிந்தாள். "உங்க மாமா காலையில போனா மதியம்தான் வர்றாரு. கண்ணாடியில முட்டி முட்டி நெத்தி செவந்துபோச்சு. ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்களேன், அந்தத் தொட்டியெல்லாம் எங்களுதுன்னு."

"ஒரு வரிதான் அத்தை. ஆனா அதுக்கு முன்னாடி நான் எழுதின லிஸ்ட் நாப்பது பக்கம் இருக்கு. ஒண்ணு தப்புன்னு சொன்னா நாப்பது பக்கத்தையும் திறப்பாங்க."

"திறக்கட்டுமே. நீங்க என்ன திருடினீங்களா?"

"திருடலை. ஆனா இங்க ஆறு மாசம் பாத்துட்டுத்தான் வைக்கறதா அனுப்பறதான்னு சொல்வாங்க. எங்கூட வந்ததுல மூணு பேரைப் போன வாரம் அனுப்பிட்டாங்க. ஒருத்தர் வீட்டுச் சாமானே இன்னும் வந்து சேரலை."

மகள் குறுக்கே வந்தாள். "எழுத வேண்டாம். ஒரு மணி நேரம் சாவி குடுக்கச் சொல்லுங்க. தண்ணி மட்டும் ஊத்திட்டு வந்துடறோம். அதையாவது கேளுங்க."

"கேட்டேன். கம்ப்யூட்டர்ல புகார் போடச் சொன்னாங்க. போட்டேன். நம்பர் வந்திருக்கு."

வாசலில் நின்றிருந்த செடிக்காரர் அப்போதுதான் பேசினார். "நம்பரை ஒரு வாளியில பிடிச்சு அனுப்புங்க மாப்பிள்ளை. கொண்டுபோய் ஊத்தறேன்."

"மாமா, என் நெலைமையையும்..."

"தெரியும். மூணு வருஷமா உங்க நம்பருக்கு நான்தானே பசை வெச்சேன்."

போனை மகள் அணைத்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது. "அவரைக் குத்திக் காமிச்சா என்னப்பா வரும்? வேற வழி இல்லாமத்தான் பேசறாரு."

"வழி இருக்கு. தைரியம் இல்லை."

"அப்ப நீங்க? எல்லாத்தையும் கொண்டுபோய் வைக்காதீங்கன்னு நான் சொல்லலையா? பாதியாவது மிஞ்சியிருக்கும். அந்தச் சேர்மன் திரும்பிக்கூடப் பாக்கலை. நான் அங்கதான் நின்னேன். தொட்டியில சிகரெட்டை அணைச்சுட்டுப் போனாரு."

செடிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. அவருடைய பங்கு முட்டையும் ரொட்டியும் மூடிவைத்தபடி இருந்து, சாயங்காலம் பூனைக்குப் போனது.

பதினோராம் நாள் காவலாளி அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு நாற்காலியைவிட்டு எழுந்தார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார்.

"பெரியவரே, வெளியில சொல்லாதீங்க. நேத்து ரெண்டு வாளி ஊத்தினேன். கீழ் மாடிக்கு மட்டும்தான், மேல போற கதவுக்கு எங்கிட்டச் சாவி இல்லை."

செடிக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவர் வாய் அவர் வாய்தான். "எதுக்கு ஊத்தின?"

"இதோ, இந்தக் கத்தி மாதிரி நிக்குதே, இதுங்களுக்கு."

"அடப்பாவி. அது பாம்புச்செடிய்யா. ஒரு மாசம் தண்ணி காட்டாட்டியும் கவலைப்படாது. பக்கத்துல நாக்கைத் தொங்கப்போட்டு நிக்கற பாமுக்கு ஊத்தாம, குண்டனைப் பாத்து விருந்து வெச்சியா?"

"எனக்கு என்ன தெரியும்? பளபளன்னு இருந்துச்சு, இது பொழைக்கும்னு ஊத்தினேன்."

"சரியாப்போச்சு. கவுன்சிலரும் அப்படித்தான் ஊத்தறாரு."

காவலாளி சிரித்துவிட்டார். அன்றிலிருந்து கண்ணாடிக்கு வெளியே நின்று செடிக்காரர் கையைக் காட்டக் காட்ட, உள்ளே காவலாளி ஊற்றினார். இடது பக்கம், இன்னும் கொஞ்சம், போதும், அடுத்தது. கீழ் மாடியில் நாற்பது தொட்டி அப்படிப் பிழைத்தது. மேலே முந்நூற்று அறுபது, யாரும் போகாமல்.

பதினேழாம் நாள் காலை மருமகன் மகளைப் போனில் அழைத்துச் சொன்னார்: அனுமதி கிடைத்துவிட்டது, பத்து மணிக்கு எல்லாரும் போங்கள், ஆள் வருவார். எப்படிக் கிடைத்தது என்று அவள் கேட்டாள். "எப்படியோ கிடைச்சுது, போய் எடுத்துக்குங்க" என்று வைத்துவிட்டார்.

கட்டடத்தைக் காலி செய்கிற ஒப்பந்தக்காரரின் ஆள் வந்திருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் அட்டையில் செருகின காகிதம். கதவைத் திறந்ததும் உள்ளிருந்து வெக்கை வந்து முகத்தில் அடித்தது, கூடவே காய்ந்த மண்ணின் வாடை. செடிக்காரர் காலை உள்ளே வைக்கப் போனார்.

"ஒரு நிமிஷம். இதுல ஒரு கையெழுத்து."

"என்ன எழுதியிருக்கு?"

"சும்மா, வழக்கமானதுதான்."

"வழக்கமா எனக்கு ஒண்ணும் கிடையாது. படி."

அந்த ஆள் நீட்டி முழக்காமல் படித்தார். நானூறு உருப்படிகளும் பராமரிப்பின்றி முழுவதும் உயிரிழந்து, துர்நாற்றமும் பூச்சியும் பரப்பும் கழிவாகிவிட்டன. கட்டடத்தை வாங்க வருகிறவர்கள் பார்வைக்குக் கேடு. ஆகவே லிஸ்டிலிருந்து நீக்கப்படுகின்றன. கீழே கையொப்பமிடும் குப்பை அகற்றுபவர் அவற்றை நேரில் பார்த்து, உயிரற்றவை என உறுதி செய்து, கட்டணமின்றி அப்புறப்படுத்துகிறார். பரிந்துரை என்ற இடத்தில் மருமகன் பேர் இருந்தது.

ஆக, லிஸ்ட் தப்பில்லை. கம்பெனி பொருள்தான், செத்துப்போன கம்பெனி பொருள். மருமகன் தானும் மாட்டாமல் சாவியையும் வாங்கிவிட்டார். கெட்டிக்காரர்.

"குப்பை அகற்றுபவர் யாரு?" என்றார் செடிக்காரர்.

"நீங்கதான்."

"செத்துப்போச்சுன்னு யார் வந்து பாத்தது?"

"ஃபைல்ல அப்படி இருக்கு."

செடிக்காரர் நேரே போய் ஒரு ரப்பர் செடியின் தண்டைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். தோலுக்கு அடியில் ஈரமாக ஒரு கோடு விழுந்தது. "இங்க வா. இது என்ன நிறம்?"

"பச்சை."

"செத்தது பச்சையா இருக்குமா?"

"எனக்குச் செடி தெரியாது பெரியவரே. காகிதம் தெரியும். நானூறும் செத்ததுன்னாத்தான் நானூறும் வெளியே போகும். ஒண்ணு உசிரோட இருக்குன்னாலும் இது செல்லாது. திருப்பி அனுப்பணும். திரும்பி வர ஒரு மாசம் ஆகும்."

"முப்பது வருஷமா வளத்தவனைக் குப்பைக்காரன்னு எழுதற. சரி, குப்பை அள்றவன் ஒண்ணும் கொறைஞ்சவன் இல்லை, அதை விடு. உசிரோட நிக்கறதைப் பாத்து செத்துப்போச்சுன்னு என் கையால போடச் சொல்ற. போட மாட்டேன். நாளைக்கு இந்த ஊரு ஜனத்துக்கும் சேத்து ஒருத்தன் இதே மாதிரி ஒரு காகிதம் கொண்டு வருவான்."

"போட்டுத் தொலைங்களேன்" என்றாள் மனைவி. "மேல வெயில் ஏறுது. நீங்க நியாயம் பேசி முடிக்கறதுக்குள்ள இன்னும் பத்து போயிடும்."

"போகட்டும். நான் பொய்யில கை வைக்க மாட்டேன்."

"எந்த நேரத்துலயும் உங்க புத்தி இதுதான்."

காவலாளி தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் அரைச்சர்க்கரையும் தையற்காரரும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் தூக்குவதற்கென்று வந்து நின்றிருந்தார்கள். யாருக்கும் வேறு வேலை இல்லை. ஒப்பந்தக்காரரின் ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மகள் வந்து அட்டையைப் பிடுங்கினாள்.

"குடுங்க இங்க." அவளே ஒருமுறை வாய்க்குள் படித்தாள். கட்டினவன் பேரில் வந்து கண் நின்றது. "அப்பா, இது யார் எழுதின பொய்?"

செடிக்காரர் ரப்பர் செடியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் வீட்டுக்காரர் எழுதினது. அப்ப அதுக்குக் கீழ வர வேண்டியது எங்க வீட்டுப் பேரு. உங்க பேரு இதுல வரக்கூடாது." ஒப்பந்தக்காரரின் ஆளைப் பார்த்தாள். "நான் போட்டாச் செல்லுமா?"

"யாராவது ஒருத்தர் போட்டாப் போதும்மா."

சுவரில் அட்டையை வைத்து அழுத்திப் போட்டாள். பேனா காகிதத்தைக் கிழித்துவிடுமோ என்று இருந்தது. போட்டுவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஒன்பதாவது மாடியிலேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்று படியேறினாள்.

லிஃப்ட் கிடையாது. கரண்ட் எடுத்துவிட்டார்கள். படிக்கட்டில் வரிசையாக ஆள் நின்று, கைக்குக் கை தொட்டி மாற்றினார்கள். மாடிகளில் நாற்காலி நின்ற தடம் கம்பளத்தில் குழிகுழியாக இருந்தது. ஒரு மேசையில் யாரோ விட்டுப்போன கோப்பைக்குள் பூஞ்சை. சேர்மன் அறையில் டிரசினாச் செடி பன்னிரண்டும் சருகு. தொட்டால் உதிர்ந்தது. ஒன்றின் மண்ணில் சிகரெட் துண்டு நட்டுவைத்தது போல நின்றது. செடிக்காரர் அதைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார், எதற்கென்று அவருக்கே தெரியாது. ஒவ்வொரு தொட்டியாக நகத்தால் சுரண்டினார். பச்சை என்றால் "ஜாக்கிரதை" என்பார். இல்லையென்றால் ஒன்றும் சொல்ல மாட்டார். தூக்குகிறவர்கள் அதைப் புரிந்துகொண்டு, அவர் பேசாத தொட்டிகளை இன்னும் மெதுவாகத் தூக்கினார்கள்.

கிழக்குப் பக்கத்து அறைகளில் நினைத்ததைவிட நிறைய உயிரோடு நின்றது. மணி பிளாண்ட் ஒன்று தண்ணீர் தேடிச் சுவரோரம் ஊர்ந்து போய்க் கழிப்பறைக் குழாயடியில் வேர் விட்டிருந்தது. அதைப் பார்த்து மகள் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் கத்தரிக்கோல் கேட்டாள்.

கீழே தெருவில் வைக்கத்தான் இடம் இருந்தது. டீக்கடையிலிருந்து ஓஸ் குழாய் இழுத்து மனைவி தண்ணீர் விட்டாள், ஒரேயடியாக ஊற்றாமல், முதலில் மண்ணை நனைத்து, ஊறவிட்டு, மறுபடி. வெயில் படாமல் இருக்கத் தையற்காரர் சீருடைத் துணிக் கட்டை அவிழ்த்து, ஷட்டருக்கு ஷட்டர் இழுத்துக் கட்டினார். மூடின கடைகளின் வாசலெல்லாம், ஜெராக்ஸ் கடையிலிருந்து பஸ் நிற்காத முனைவரைக்கும், தொட்டி.

நாலு மணிக்கு மகளுடைய போன் அடித்தது. பேரைப் பார்த்தாள். எடுக்காமல் அப்பாவிடம் நீட்டினாள். "நீங்களே பேசுங்க. நான் இந்த மாசம் வரலைன்னு சொல்லுங்க. அடுத்த மாசத்தை அப்புறம் பாக்கலாம்."

செடிக்காரர் மண் கையோடு வாங்கினார்.

"மாமா, எல்லாம் எடுத்துட்டீங்களா? கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு. உங்க வீட்டுக்காரிதான் போட்டா. இந்த மாசம் வரலையாம்."

"செடிங்க எப்படி இருக்கு மாமா?"

"நூத்தி அறுபத்தி நாலு செத்துப்போச்சு. மிச்சம் பொழைக்கும்."

"மாமா..." மருமகன் குரலைத் தாழ்த்தினார். "பொழைக்கும்கறதை மட்டும் வெளியில சொல்லாதீங்க. ஃபைல்ல எல்லாம் செத்ததுன்னு போயிருக்கு. அங்க யாராவது படம் கிடம் எடுத்து அனுப்பினான்னா..."

செடிக்காரர் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார்.

"தெரு பூராப் பச்சையா நிக்குது மாப்பிள்ளை. நான் எதைப் போட்டு மூடறது?"